ஆறாவது தட்டு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

போன் செய்தால் எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாய். சரி, துரைக்குக் கடிதம்தான் வேண்டும் போலிருக்கிறது என்று எக்ஸ்ரே அறையில் ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் எழுதினால் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. சாய்ந்து சாய்ந்து விழுகிற உன் கையெழுத்தைப் படிப்பதற்குள் எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

விஷயம் இதுதான். நம் 'ஈரச் சட்டை' ஃபங்க் இசைக்குழுவுக்கு முதல் ஆல்பம் வரப்போகிறது. ஒன்பது பாட்டு, நான்கு நாள் ரெக்கார்டிங். லாண்டரிக்காரர் ட்ரம்ஸ் குச்சியைக் கீழே வைக்காமல் அலைகிறார். வாடிக்கையாளர்களின் சட்டை எல்லாம் அவர் தாளத்துக்குத்தான் இஸ்திரி ஆகிறது. ரெக்கார்டிங்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். தனித்தனியாக வாசித்து ஒட்டக்கூடாது, எல்லாரும் ஒரே அறையில் சேர்ந்து நின்று வாசிக்க வேண்டும். "ஃபங்க்னா வேர்க்கணும்மா. ஒட்டுப் போட்ட பாட்டுல வேர்வை இருக்காது" என்கிறார்.

உன் இடத்துக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைச் சேர்த்திருக்கிறோம். பேஸ் கிட்டாரில் சுத்தமான கை. அந்தச் சுத்தம்தான் பிரச்சினை. எட்டுப் பாட்டுக்குப் பழுதில்லை. 'நடுச்சுவர்' மட்டும் உட்காரவில்லை. நீ வாசிக்கும்போது அந்த ஐந்து அடியில் நான்காவது அடி ஒரு இம்மி தாமதமாக விழுமே, நொண்டி நடப்பதுபோல, அது அவர் கையில் வரவில்லை. "அந்தப் பையன் எப்படி அந்த லேட்டைப் பிடிச்சான்?" என்று தலையைச் சொறிகிறார்.

போன வருஷம் நான் அந்த மெட்டுக்கு முதன்முதலாக வரி பாடிக் காட்டிய அன்றைக்குத்தான் நீ கிட்டார் வயரைப் பிடுங்கிவிட்டு வெளியே போனாய். இன்னும் வரவில்லை. கோபம் என்றால் திட்டித் தொலை. ஆனால் இருபதாம் தேதிக்குள் வா. உன் கிட்டார் ஆம்ப் இன்னும் லாண்டரியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதன் மேல் யாரையும் துணி வைக்க நான் விடவில்லை.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

நான் வரவில்லை. போனிலும் பேச மாட்டேன். காரணம் கேட்காதே.

ஆல்பம் வரட்டும், சந்தோஷம். 'நடுச்சுவர்' மட்டும் வேண்டாம். எடுத்துவிடு.

அது மெட்டு இல்லை அக்கா. அது என்ன என்று உனக்குத் தெரியும். அப்பா படியேறும் சத்தத்தை வைத்தே அவர் எப்படி வருகிறார் என்று கண்டுபிடித்து, உன் அறையிலிருந்து சுவரில் தட்டுவாயே. டக் டக், டக், டக் டக். வெளியே வராதே, மூச்சுவிடாதே என்று அர்த்தம். அவர் தூங்கியதும் அதே ஐந்தோடு இன்னொன்று சேர்த்துத் தட்டுவாய். ஆறு வந்தால் பயமில்லை, வா. ரிகர்சலில் நான் ஏதோ யோசனையில் அந்த ஐந்தை வாசித்துவிட்டேன். எல்லாரும் ஆகா என்றீர்கள். நீ அதற்குச் சுவர், பெல்ட், படிக்கட்டு என்று எல்லாவற்றையும் வரியாக எழுதிக்கொண்டு வந்து நின்றாய்.

உனக்கு ஒன்று சொல்லவில்லை. இரண்டு வருஷம் முன்னால் அவர் இங்கே வந்தார். எங்கள் புட்டித் தொழிற்சாலை கேட்டில், வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருக்கிறது, தோள் அப்படியே இருக்கிறது. நான் வெள்ளை விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து விரிசல் விட்ட புட்டியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து, "உங்கப்பா வந்திருக்காரு, அக்கா எங்க இருக்குன்னு கேக்குறாரு" என்றார். அந்த ஷிஃப்ட் முடியும்வரை எத்தனை விரிசல் என் கண்ணுக்குத் தப்பிப் போனதோ. பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். மறுநாள் அவர் இல்லை.

அவர் உன்னைத் தேடுகிறார். நீ உன் குரலை ஊர் ஊராக அனுப்பப் போகிறாய். என்னால் தூங்க முடியவில்லை.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

இரண்டு வருஷம்! இரண்டு வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாய். படித்ததும் முதலில் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். அப்புறம்தான் உன் மேல் கோபம் வந்தது.

ஆனால் பாட்டை எடுக்கவில்லை. பதினைந்து வருஷமாக ஒரு மனுஷனுக்காக மெதுவாக நடந்து, மெதுவாகக் கதவைச் சாத்தி, மெதுவாகச் சிரித்து வாழ்ந்தாயிற்று. பாடும்போது மட்டும்தான் எனக்குக் குரல் முழுசாக வருகிறது. அதையும் பிடுங்கி அவரிடம் கொடுக்கச் சொல்கிறாயா? அந்தத் தட்டு உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அவர் காதில் விழுந்தாலும் அவருக்கு அது வெறும் கிட்டார்தான்.

இப்படி வீராப்பாக எழுதிவிட்டேன். ரெக்கார்டிங்கில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், சிரிக்காதே.

முதல் நாள் மூன்று பாட்டு, மளமளவென்று முடிந்தது. ட்ரம்பெட் வாசிக்கிற பல்செட் கடைக்காரர் தன் வாழ்க்கையிலேயே இப்படி ஊதியதில்லை. இரண்டாம் நாள் காலை 'நடுச்சுவர்'. லிஃப்ட் மெக்கானிக் ஐந்து அடியை வாசித்தார். நான் பாட வேண்டிய இடம். வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். ஐந்து அடி. வாய் ஒட்டிக்கொண்டது. நான் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்பதை ஆர்கன் வாசிக்கிற டீச்சர்தான் கவனித்தார். "தண்ணி குடிங்க" என்றார். குடித்தேன். பதினோரு தடவை. அந்த ஐந்து விழுந்த உடனே என் உடம்பு நான் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்கிறது. நானே எழுதிய பாட்டு, ரிகர்சலில் எத்தனையோ முறை பாடியது. விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றதும் எனக்குப் பதின்மூன்று வயசாகிவிட்டது.

அந்த நாள் முழுக்கப் பாழ். மறுநாள் லாண்டரிக்காரர் சொன்னார், "நீ எப்ப வேணா ஆரம்பிம்மா. நாங்க நிறுத்தாம வாசிச்சுட்டே இருக்கோம்." வாசித்தார்கள். ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நான்கு. என் சத்தமே இல்லை. ஐந்தாவது சுற்றில் எங்கிருந்தோ குரல் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. முடிந்ததும் ரெக்கார்டிங்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அந்த நான்கு சுற்று மௌனத்தை வெட்டலாமா என்று கேட்டேன். "அதுல கை வச்சா நான் வேலையை விட்டுடுவேன்" என்றார்.

அப்படியே ஆல்பத்தில் இருக்கிறது. டேப்பின் ஒரு பிரதி உனக்கு அனுப்புகிறேன். கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம்.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

டேப் வந்தது. இன்னும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அவருக்குத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயது. நீ பள்ளியில் பாட்டுப் போட்டிக்குப் பயிற்சி என்று தங்கிவிட்டாய், எனக்கு அது தெரியாது. சாயங்காலம் அவர் வந்த சத்தம் கேட்டது. கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். வெகுநேரம் வீட்டில் சத்தமே இல்லை. அப்புறம் சுவரில் தட்டு. டக் டக், டக், டக் டக். கொஞ்சம் விட்டு, டக்.

ஆறு. நீ வந்துவிட்டாய் என்று ஓடி வந்தேன். உன் அறையில் அவர் நின்றுகொண்டிருந்தார். கை இன்னும் சுவரில்தான் இருந்தது. சிரித்தார் அக்கா. அடித்ததெல்லாம் மறந்துபோகிறது, அந்தச் சிரிப்பு மறக்க மாட்டேன் என்கிறது. "தட்டுறதுக்குத்தானே இந்த விரல்?" என்று கேட்டு என் வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்தார். "கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு" என்றார். அப்படியே உன்னிடம் சொன்னேன்.

லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொல், அது பிடித்துக்கொண்ட லேட் இல்லை. அந்த விரல் முழுசாக மடங்காது. நான்காவது அடிக்கு அதன் முறை வரும்போது கொஞ்சம் பிந்தும். என் எழுத்து சாய்வதும் அதனால்தான். சுளுக்கிக்கொண்ட உன் கழுத்துக்கு மன்னிப்பு.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நம் தட்டை அவருக்கு நீ சொல்லிக் கொடுத்துவிட்டாய் என்று நினைத்தேன். அடி தாங்க முடியாமல் சொல்லியிருப்பாய் என்று. பெரியம்மா வந்து நம்மைக் கூட்டிக்கொண்டு போனபோதும் நினைத்தேன். வளர்ந்த பிறகு அவரே கேட்டுப் பழகியிருப்பார் என்று புத்தி சொன்னது, மனசு ஒரு ஓரத்தில் கேட்கவில்லை. நீ அதை ரிகர்சலில் பாட்டாக்கியபோது அந்த ஓரம் எழுந்து நின்றுகொண்டது. இவளுக்கு இது விளையாட்டாக இருக்கிறது என்று நினைத்துத்தான் வயரைப் பிடுங்கினேன்.

பதினோரு தடவை உன் வாய் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நிமிஷம் அந்தச் சந்தேகம் போய்விட்டது. அந்த ஐந்துக்கு நீயும் என்னைப் போலவே பயந்துகொண்டுதான் கிடந்திருக்கிறாய். காட்டிக்கொடுத்தவளுக்கு உடம்பு அப்படி ஒட்டிக்கொள்ளாது.

தம்பி


ஏப்ரல் 10

டேய்,

உன் கடிதத்தை நான்கு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் உன் கையை எக்ஸ்ரே எடுத்துப் பழகினேன், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். கதவு இடுக்கில் மாட்டினால் எலும்பு நசுங்கும். உன் எலும்பு சுற்றிக்கொண்டு முறிந்திருக்கிறது. முறுக்கினால்தான் அப்படி ஆகும். தினம் பத்துப் பேருடைய எலும்பைப் பார்க்கிறவள் நான். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததோ என்னவோ, கேட்கத் துணிச்சல் இல்லாமல் படத்தை உறையில் போட்டு மூடிவிட்டேன்.

அந்த விரலுக்குப் பிறகு நான் ஆறு தட்டினால் நீ வர மாட்டாய். நானே வந்து வாயால் கூப்பிட வேண்டும். பெரிய மனுஷனாகிவிட்டான், தட்டினால் வர மாட்டானாம் என்று கிண்டல் செய்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நான் பாட்டுப் போட்டிக்குத் தங்கிய நாள் அது. அதில் பரிசுகூட வரவில்லை.

இனி முடிவு உன் கையில். ரேடியோ நிலையத்தில் இருபத்தொன்பதாம் தேதி 'நடுச்சுவர்' போடுகிறார்கள், அன்றைக்கே ஆல்பமும் வெளியாகிறது. இருபதாம் தேதிவரை பாட்டை எடுக்க முடியும் என்கிறார் ரெக்கார்டிங்காரர். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது. எடுத்துவிடுகிறேன். வீராப்பு பேச மாட்டேன். எனக்கும் பயமாக இருக்கிறது. ராத்திரி பாத்திரம் கழுவும்போது குழாயை மூடி மூடிப் படியைக் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

டேப்பைக் கேட்டேன். சாப்பாட்டு இடைவேளையில், காலிப் புட்டிகள் அடுக்கிய கிடங்கில் உட்கார்ந்து.

ஐந்து விழுந்ததும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முதல் சுற்று, இரண்டாவது. நீ இல்லை. அவர் இருக்கிறார் என்றே தோன்றியது, திரும்பிக்கூடப் பார்த்தேன். நான்காவது சுற்றில் எழுந்து ஓடலாம் என்று இருந்தேன். அப்போது நீ பாட ஆரம்பித்தாய். ஐந்து தட்டுக்குப் பிறகு வீட்டில் யாராவது சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதுவும் அப்படி ஒரு சத்தம். கிடங்கு ஆள் ஓடி வந்து, "என்னய்யா அழுவுற, வெட்டிக்கிட்டியா?" என்று கையைப் பிடித்துப் பார்த்தார்.

எடுக்காதே.

ஆனால் நான் சொல்கிறபடி செய். அழைப்பு மணியில் இருக்கும் உன் பெயர்ச் சீட்டைக் கிழி. கதவுக்குச் சங்கிலி போடு. முன்னால் குடியிருந்தவர் கதவில் இருந்த பார்க்கிற ஓட்டையை அடைத்துவிட்டார் என்றாயே, அதைத் திறக்க ஆள் கூப்பிடு. வீடு எங்கே என்று யாருக்கும் சொல்லாதே. யாராவது ஆறு தட்டினால் திறக்காதே. நானே தட்டினாலும் திறக்காதே.

தம்பி


ஏப்ரல் 30, காலை பதினொன்றே கால்

தம்பி,

கதவைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைக்கு என் எழுத்தும் உன் எழுத்துபோலத்தான் இருக்கும்.

நேற்று ராத்திரி ரேடியோவில் பாட்டு வந்தது. எல்லாரும் லாண்டரியில் கூடிக் கேட்டோம். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் லாண்டரிக்காரரைப் போனில் பிடித்துப் பேச வைத்தார். மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருப் பெயரைச் சொன்னார், கடைப் பெயரைச் சொன்னார், "எங்க பாட்டுக்காரம்மா கடைக்கு மேல ரெண்டாவது மாடியிலதான் இருக்காங்க" என்று சிரித்தார். நான் கையை ஆட்டி ஆட்டித் தடுத்தேன். வாழ்த்துகிறேன் என்று நினைத்து அவரும் கையை ஆட்டினார்.

பத்து நிமிஷம் முன்னால் படியில் காலடி. கனமான நடை. கதவுக்கு வெளியே நின்றது. அப்புறம் தட்டு. டக் டக், டக், டக் டக்.

கொஞ்சம் விட்டு, டக்.

நான்காவது பிந்தியது. உன்னுடையது போலவே பிந்தியது. ஆனால் பாட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, லிஃப்ட் மெக்கானிக் பழகிப் பழகி அதைப் பிடித்துவிட்டார். ஆறாவது அவருக்கு முன்பே தெரியும், பிந்துவது ரேடியோ கேட்ட யாருக்கும் இப்போது தெரியும். யாருக்கும். யார் என்று கேட்க வாய் வரவில்லை. ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓட்டையைத் திறக்க வருகிறேன் என்ற தச்சர் இன்னும் வரவில்லை. கீழே லாண்டரியில் மெஷின் எல்லாம் ஓடுகிறது, கத்தினாலும் கேட்காது. போன் மேஜையில் இருக்கிறது. எடுக்கப் போனால் பலகை கிறீச்சிடும்.

மடிமேல் அட்டையை வைத்து உனக்கு எழுதுகிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இது நீயாக இருந்தால் என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொள்கிறது. நானே தட்டினாலும் திறக்காதே என்று நீதான் சொல்லியிருக்கிறாய். காலடி இறங்கிப் போகவில்லை. துணி உரசும் சத்தம் கேட்கிறது. படியில் உட்கார்ந்துவிட்டார் போலிருக்


ஏப்ரல் 30

அக்கா,

உன் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து, பஸ் டிக்கெட்டோடு வந்த விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தட்டியது நான்தான்.

நேற்று ராத்திரி ரேடியோவில் லாண்டரிக்காரர் பேசியதைக் கேட்டேன். போனைக்கூட எடுக்காமல் ஷிஃப்ட் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு பஸ் மாறி வரும் வழியெல்லாம் நான் வருவதற்குள் அவர் வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் மனசில். கதவைப் பார்த்ததும் கை தானாக ஆறு தட்டிவிட்டது. தட்டி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. உனக்குத் திறக்காதே என்று சொல்லிவிட்டு நானே, அதுவும் அவர் தட்டிய அதே ஆறை. உள்ளே நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

நான்தான் என்று குரல் கொடுக்கலாமே என்று நினைப்பாய். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டாயே. மூன்று வருஷமாக என் குரல் மாறிக்கொண்டே வருகிறது அக்கா. குழுவில் பின்பாட்டுப் பாடுவதை நான் நிறுத்தியதும் அதனால்தான். ஃபோர்மேனிடம் ஒருநாள் கோபமாகப் பேசியபோது நானே திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தேன். அப்படியே அவர் குரல். இந்தக் கதவுக்கு வெளியே இருந்து அந்தக் குரல் "அக்கா, தொற" என்று சொன்னால் உனக்கு என்ன ஆகும்?

தட்டுவது அவருக்கும் வரும். இப்போது ஊருக்கே வரும். குரலும் அவருடையது. என்னிடம் மிச்சம் இருப்பது இந்த எழுத்துதான். அவர் முறித்த விரல் எழுதுகிற எழுத்து. உலகத்தில் யார் எழுதினாலும் இப்படிச் சாயாது. முறித்த அவராலும் முடியாது.

அவர் வருவாரோ மாட்டாரோ தெரியாது. பயம் எனக்கும் போகவில்லை. வந்தால் இந்தத் தடவை நாம் இரண்டு பேரும் சுவருக்கு ஒரே பக்கத்தில் இருப்போம்.

தாளைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். அவசரமில்லை. கழுத்தைச் சாய்த்து நன்றாகப் படித்துப் பார். அப்புறம் திற.